விற்றவரின் மௌனம்: பழைய மோட்டார் வண்டி விற்பனையிற் பொறுப்பு வளர்ந்த வரலாறு

ஒருவர் தாம் பல்லாண்டு காலம் ஓட்டிய மோட்டார் வண்டியை இன்னொருவருக்கு விற்கின்றார். விற்பவர் வண்டி வணிகரல்லர். ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருக்கலாம். வாங்குபவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கின்றார். சிறிது தூரம் ஓட்டியும் பார்க்கின்றார். விலை பேசிப் பணத்தைக் கொடுத்துப் பதிவுப் புத்தகத்தைப் பெற்றுச் செல்கின்றார். இரண்டு கிழமைக்குள் இயந்திரம் பழுதுற்று நின்றுவிடுகின்றது. அப்பழுது விற்பனைக்கு முன்னரே இருந்ததெனத் திருத்துநர் கூறுகின்றார். இந்நட்டத்தை ஏற்கவேண்டியவர் யார்?

நாள்தோறும் எழும் இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும், இதற்குச் சட்டம் அளித்துவந்த விடைகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறுடையன. அவ்வரலாற்றை ஊன்றி நோக்கின், மூன்று கேள்விகள் மாறிமாறி முதன்மை பெற்று வந்தமை புலனாகும். விற்றவர் என்ன சொன்னார் என்பது ஒன்று. விற்றவர் என்ன அறிந்திருந்தார் என்பது மற்றொன்று. விற்றவர் எத்தகையவர், வணிகரா அல்லரா என்பது மூன்றாவது. பழைய உரோமச் சட்டம் இரண்டாவது கேள்விக்குப் பெருமதிப்பு அளித்தது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்டமோ அதனைப் பின்தள்ளி மூன்றாவது கேள்வியை முன்னிறுத்தியது. இம்மாற்றத்தினால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமச் சந்தையில்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, விற்பவர் தம் வாயாற் சொன்னதற்கு மட்டுமே பொறுப்பாளியாயிருந்தார். சொல்லாததற்குப் பொறுப்பில்லை. பிற்காலச் சட்ட அறிஞர் இந்நிலையைத் திருத்தி, நிலம், வீடு ஆகியவற்றின் குறையை அறிந்தும் கூறாதிருத்தலைப் பொறுப்புக்குரிய செயலாக்கினர். கி.மு. 44இல் சிசரோ தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வளர்ச்சியை விளக்கி, அதற்கு ஒரு வழக்கையும் சான்றாகக் காட்டுகின்றார்.

உரோம நகரின் சீலியன் குன்றிலே கிளோடியஸ் செந்துமாலஸ் என்பவருக்கு ஒரு வீடு இருந்தது. நிமித்தம் பார்க்கும் குருமார், தமது பார்வையை அவ்வீட்டின் உயரம் மறைக்கின்றதென்று கூறி, அதன் ஒரு பகுதியை இடிக்குமாறு அவருக்குக் கட்டளையிட்டனர். அவரோ கட்டளையை மறைத்து வீட்டை விற்றுவிட்டார். வாங்கிய கல்பூர்னியஸ் லனாரியசிடமும் அக்கட்டளை வந்து சேர்ந்தது. அவர் வீட்டின் பகுதியை இடித்தார். பின்னர், விற்றவர் கட்டளை கிடைத்த பின்னரே வீட்டை விற்பனைக்கு விட்டார் என்பதை அறிந்து வழக்குத் தொடுத்தார். நடுவராயிருந்த மார்க்கஸ் கேட்டோ, விற்றவர் குறையை அறிந்திருந்தும் சொல்லாதமையால் வாங்கியவரின் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டுமெனத் தீர்த்தார். இத்தீர்ப்பிலே பொய் பேசியமை தண்டிக்கப்படவில்லை. பேசாதிருந்தமையே தண்டிக்கப்பட்டது என்பது ஊன்றிக் கவனித்தற்குரியது.

அதே நூலில் தத்துவவாதிகள் இருவரின் வாதமும் இடம்பெறுகின்றது. குறையுள்ள வீட்டை விற்பவர் அதனைச் சொல்லவேண்டுமா? சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னாற் போதுமென்பது தியோஜெனிசின் கருத்து. விற்பவர் அறிந்ததனைத்தையும் வாங்குபவரும் அறியவேண்டுமென்பது அவர் மாணாக்கரான அந்திப்பாத்தரின் கருத்து. சிசரோ மாணாக்கரின் பக்கமே நிற்கின்றார். இன்று பழைய வண்டி விற்போரிடையே எழும் வாதமும் இதனின் வேறுபட்டதன்று.

நிலமும் வீடும் இவ்வாறிருக்க, சந்தையில் விற்கப்பட்ட அடிமைகளும் சுமைவிலங்குகளும் தனியான விதிகளுக்கு உட்பட்டிருந்தன. சந்தையை மேற்பார்வை செய்த ஏடைல்கள் என்னும் அதிகாரிகள் வெளியிட்ட கட்டளை, விற்பவர் நோயையும் குறையையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்றது. அறிவிக்கத் தவறின், வாங்கியவர் 6 மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக்கொடுத்து விலையை மீளப்பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கோரலாம். மனிதரை விலங்குகளோடு ஒன்றாக வைத்தெண்ணிய அச்சந்தையின் கொடுமையை நாம் மறத்தலாகாது. எனினும், அச்சந்தையிற் பிறந்த விதி பிற்காலத்தில் எல்லாப் பொருள் விற்பனைக்கும் விரிந்தது. கி.பி. 533இல் ஜஸ்டீனியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் திரட்டின் 21ஆம் நூலில் அவ்விரிவைக் காணலாம்.

இக்கட்டளையின்கீழ், விற்றவர் குறையை அறியாதிருந்தமை அவரை முற்றாக விடுவிப்பதில்லை. அறிந்தவரும் அறியாதவரும் பொறுப்பாளிகளே. பொறுப்பின் அளவுதான் வேறுபட்டது. இவ்வேறுபாட்டை யூலியன் என்னும் சட்ட அறிஞர் தெளிவுறக் காட்டினார். நோயுற்ற மந்தையையோ உளுத்த மரத்தையோ அறியாது விற்றவர், உண்மை தெரிந்திருப்பின் எவ்வளவு குறைவாக வாங்கியிருப்பார்களோ அவ்வளவை ஈடுசெய்தாற் போதும். அறிந்து விற்றவரோ, அந்நோய் தொற்றி வாங்கியவரின் ஏனைய கால்நடைகள் மடிந்தாலும், அம்மரத்தால் வீடு இடிந்தாலும், அந்நட்டம் அனைத்தையும் ஏற்கவேண்டும். இந்த மந்தையின் உதாரணத்தை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் அது வேறொரு நாட்டில் மீண்டும் நம்மை எதிர்கொள்ளும்.

இந்திய மரபில்

இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் உரோமர் மட்டுமல்லர். 1905இல் கண்டெடுக்கப்பட்டு 1909இல் மைசூரில் சாமசாஸ்திரியாரால் அச்சிடப்பட்ட கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், தன் மூன்றாம் அதிகரணத்தில் விற்பனையை மீளப்பெறுதல் பற்றிக் கூறுகின்றது. மனம்மாறி விற்பனையைக் கைவிட வணிகர்க்கு ஓர் இரவும், உழவர்க்கு 3 இரவுகளும், ஆநிரை காப்போர்க்கு 5 இரவுகளும் தவணையாகும். நோயுற்ற உயிரை நலமுள்ளதெனச் சொல்லி விற்றவர்க்கு 12 பணம் தண்டம். நாற்கால் உயிர்களைத் திருப்பிக்கொடுக்க மூன்று பக்கங்கள், அதாவது ஏறக்குறைய 45 நாட்கள், எல்லையாக விதிக்கப்பட்டன. குறை வெளிப்படுதற்குக் காலம் செல்லும் என்ற பட்டறிவு இவ்விதியிற் பொதிந்திருத்தல் காண்க.

தமிழ் இலக்கியத்திலும் வணிக நேர்மை போற்றப்படுகின்றது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளலிலும் கொடுத்தலிலும் அளவு பிறழாதவர்கள். ஆயின், அந்நேர்மை அளவையும் விலையையும் பற்றியது. அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. பொருளின் உள்ளே மறைந்துகிடக்கும் குறையோ விற்பவர் ஒருவருக்கே தெரிவது. சட்டத்துக்குக் கடினமான வினா பின்னதே.

ஆங்கிலச் சந்தையில்

வாங்குவோன் தானே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் பொருளுடைய இலத்தீன் முதுமொழி, ஆங்கிலச் சட்டத்தோடு ஒன்றித்துப்போனது. இலத்தீனில் இருப்பதனால் அது உரோமருடையது எனப் பலர் கருதுவர். உரோமச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கவில்லை என்பதை மேலே கண்டோம். 1931இல் வோல்ற்றன் ஹமில்ற்றன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இம்முதுமொழியின் பிறப்பை ஆராய்ந்து, அது உரோமரின் உடைமையுமன்று, இடைக்காலத் திருச்சபையின் உடைமையுமன்று என நிறுவினார். குதிரை வாங்குவோர்க்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையாக 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது எழுத்தில் தோன்றுகின்றது. அக்காலக் குதிரையே இக்கால மோட்டார் வண்டியின் முன்னோடி என்பதை நோக்கின், நம் வினா அதன் பிறப்பிடத்துக்கே வந்துள்ளது எனலாம்.

1603இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்று அம்முதுமொழிக்கு உரமூட்டியது. பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லை பெசோவார்க் கல் என்று சொல்லி 100 பவுணுக்கு விற்றார். விலங்குகளின் வயிற்றிலிருந்து பெறப்பட்ட அக்கல் நஞ்சை முறிக்குமென அக்காலத்தவர் நம்பினர். அது பெசோவார்க் கல் அன்றென வாங்கியவர் வழக்காடினார். இன்னதென்று சொல்வது வேறு, அதற்கு உத்தரவாதம் அளிப்பது வேறு என்று கூறி மன்று வழக்கைத் தள்ளியது. சொன்னதற்கு உரோமர் விதித்த பொறுப்புக்கூட இங்கே குறுகிப்போயிற்று.

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை ஓரளவு மாற்றியது. நெடுந்தூரத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் சரக்கை அவிழ்த்துப் பார்த்து வாங்குதல் இயலாது. 1815இல் பட்டுக் கழிவு பற்றிய வழக்கில், வாங்கிய சரக்கு அப்பெயரோடு சந்தையில் விலைபோகத்தக்கதாயிருத்தல் வேண்டுமென எலன்பரோப் பிரபு தீர்த்தார். 1829இல் கப்பலின் அடிப்புறத்துக்குப் பொருத்திய செப்புத் தகடுகள் சில மாதங்களிலேயே அரித்துப்போன வழக்கில், தாமே உற்பத்தி செய்து ஒரு நோக்கத்துக்கென விற்றவர் அந்நோக்கத்துக்குப் பொருத்தமான பொருளையே வழங்கவேண்டும் எனப்பட்டது. இவ்வாறு வணிகருக்கும் உற்பத்தியாளருக்கும் உட்கிடையான பொறுப்பு பிறந்தது.

ஆயின், அறிந்தும் பேசாதிருந்தவரின் நிலை யாது? 1878இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு இதற்கு விடை தருகின்றது. நியூபெரிச் சந்தைக்கு ஒருவர் தம் பன்றிகளை விற்பனைக்கு அனுப்பினார். அவை தொற்றுநோயுற்றவை, அவர் அதனை அறிந்திருந்தார். எல்லாக் குறைகளோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையின்கீழ் அவை விற்கப்பட்டன. வாங்கியவரின் ஏனைய பன்றிகளுக்கும் நோய் தொற்றிப் பல இறந்தன. நோயுற்ற விலங்கைச் சந்தைக்கு அனுப்புதல் 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிருந்தது. அவ்வாறிருந்தும், விற்றவர் எதையும் சொல்லவில்லை, ஆகவே ஏமாற்றவுமில்லை என்று பிரபுக்கள் சபை கருதியது. வாங்கியவருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. யூலியனின் மந்தையும் நியூபெரியின் பன்றிகளும் ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சியே. உரோம அறிஞர் முழு நட்டத்தையும் எவர்மேற் சுமத்தினாரோ, அவரை ஆங்கிலேயரின் உயர்மன்று முற்றாக விடுவித்தது.

1893ஆம் ஆண்டில் மக்கென்சி சாமேர்ஸ் வரைந்த பொருள் விற்பனைச் சட்டம் இவ்வழக்குகளின் சாரத்தைத் தொகுத்தது. தரம் பற்றியோ நோக்கத்துக்கான பொருத்தம் பற்றியோ பொதுவாக எவ்வித உட்கிடை நிபந்தனையும் இல்லை என்று அது தொடங்கியது. பின்னர், அத்தகைய பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டோருக்கு மட்டும் விலக்குகளை வகுத்தது. விற்பவர் வணிகரா என்னும் கேள்வியே பொறுப்பின் வாயிலாயிற்று. அவ்வாயிலுக்கு வெளியே, தம் சொந்தப் பொருளை விற்கும் தனியாள் நின்றார்.

இலங்கையில் நிகழ்ந்த மாற்றம்

இவ்விரு மரபுகளும் நம் நாட்டிலே ஒன்றையொன்று சந்தித்தன. ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-டச்சுச் சட்டத்தை, 1799 செப்டெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் தொடர்ந்தும் நிலைக்கவிட்டனர். அச்சட்டத்தோடு, ஏடைல்களின் பழைய பரிகாரங்களும் இங்கு நிலைத்தன. ஆனால் வணிகத் துறையில் ஆங்கிலச் சட்டம் படிப்படியாகப் புகுந்தது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் அவ்வாறே பின்பற்றியது. அசையும் பொருட்களின் விற்பனை அன்றுமுதல் ஆங்கில மரபின்பாற் சென்றது. காணி, வீடு முதலிய அசையாப் பொருட்களின் விற்பனையோ உரோம-டச்சு மரபிலேயே நின்றது.

இதன் விளைவு விந்தையானது. ஒருவர் ஒரே நாளில் தம் வீட்டையும் மோட்டார் வண்டியையும் விற்கின்றார் எனக் கொள்வோம். இரண்டிலும் மறைவான குறைகள் உள்ளன. இரண்டையும் அவர் அறிவார். இரண்டைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. வீட்டைப் பற்றிய அவருடைய மௌனத்தைக் கேட்டோவின் வழிவந்த சட்டம் விசாரிக்கின்றது. வண்டியைப் பற்றிய மௌனத்தையோ நியூபெரிச் சந்தையின் சட்டம் கண்டுகொள்ளாது விடுகின்றது. மனிதர் ஒருவரே, மனச்சான்றும் ஒன்றே, பொறுப்பு மட்டும் இரண்டாகின்றது. வணிகத்துக்கு உகந்த சட்டத்தைப் பெற்ற அதே வேளையில், வணிகரல்லாதார் செய்யும் விற்பனைக்குரிய ஒரு பாதுகாப்பை நாம் கைவிட்டோம்.

மோட்டார் வண்டி வழக்குகள்

வண்டி விற்பனை பெருகிய 20ஆம் நூற்றாண்டில், ஆங்கில மன்றுகளே இம்மரபின் இறுக்கத்தை உணர்ந்தன. 1957இல் அறிக்கையிடப்பட்ட வழக்கொன்றில், தனியாள் ஒருவர் தம் மொறிஸ் வண்டி 1948ஆம் ஆண்டினதெனப் பதிவுப் புத்தகத்தை நம்பிச் சொன்னார். வண்டி வணிகர் அதற்கு 290 பவுண் மதிப்பளித்து ஏற்றுக்கொண்டார். அது 1939ஆம் ஆண்டினதெனப் பின்னர் தெரியவந்தது. உண்மை மதிப்பு 175 பவுண். தனியாள் பொறுப்பாளியல்லர் என மேன்முறையீட்டு மன்று பெரும்பான்மையாற் தீர்த்தது. உண்மையை அறியும் வாய்ப்பு வணிகருக்கே கூடுதலாக இருந்ததென்பது அதன் கருத்து. 1965இல் இதற்கு மறுதலையான வழக்கு எழுந்தது. பென்ற்லி வண்டியொன்றை விற்ற வணிகர், இயந்திரம் மாற்றப்பட்டபின் அது 20,000 மைல் மட்டுமே ஓடியதென்றார். உண்மையில் 100,000 மைலளவு ஓடியிருந்தது. அவ்வணிகர் சொல்லுக்குப் பொறுப்பாளியாக்கப்பட்டார். இருவரும் பிழையான கூற்றையே கூறினர். அறிந்துகொள்ளும் ஆற்றலே இருவரையும் வேறுபடுத்தியது. அறிவு என்னும் பழைய கேள்வி இவ்வாறு பின்வாயில் வழியாக மீண்டும் நுழைந்தது எனலாம்.

1967ஆம் ஆண்டின் வழக்கு இன்னும் சுவையானது. தனியாள் ஒருவர் 1961ஆம் ஆண்டு ஹெரால்ட் வண்டி விற்பனைக்கு உண்டென விளம்பரம் செய்தார். வாங்கியவர் வண்டியைப் பார்த்தே வாங்கினார். பின்னர் ஆராய்ந்தபோது, அது இரு வேறு வண்டிகளின் பாதிகளை ஒட்டிப் பற்றவைத்ததென்றும், ஒரு பாதி மட்டுமே 1961இற்குரியதென்றும் தெரிந்தது. விற்றவருக்கும் அது தெரியாது. எனினும், விவரித்து விற்ற பொருள் விவரணத்துக்கு இயைய வேண்டுமென்னும் விதி தனியாளையும் கட்டுப்படுத்துமெனத் தீர்க்கப்பட்டு, வாங்கியவருக்கு 125 பவுண் வழங்கப்பட்டது. ஆக, சொன்னவர் அறியாது சொன்னாலும் சிக்கிக்கொள்ளலாம். அறிந்தும் சொல்லாதவர் தப்பிவிடலாம். விளம்பரத்தில் ஒரு சொல்லும் எழுதாதவரே பாதுகாப்பானவர் என்றாகின்றது. நேர்மையாளரைப் பேச அஞ்சவைத்து, சூழ்ச்சிக்காரரை மௌனத்தால் வாழவைக்கும் விதி நல்விதியாகுமா?

வேறு நாடுகள் வேறு வழி சென்றன. 1804ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவை, மறைவான குறைக்கு விற்பவர் பொறுப்பென்னும் உரோம விதியைத் தனியாள் விற்பனைக்கும் உரியதாக வைத்துள்ளது. பொறுப்பில்லை என முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்; ஆனால் குறையை அறிந்தவருக்கு அப்பேச்சு கவசமாகாது. உரோம-டச்சு மரபு நிலைத்த தென்னாபிரிக்காவில், பழைய வண்டிகள் வூட்ஸ்டூட்ஸ் என்னும் நிபந்தனையோடு விற்கப்படுவதுண்டு. பொருளை உள்ளவாறே காலால் உந்தித் தள்ளிவிடுவது என்பது அதன் சொற்பொருள். அங்கும், குறையை அறிந்து மோசடியாக மறைத்தவர் அந்நிபந்தனையின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது.

மௌனத்தின் விலை

வாங்குபவர் தாமே ஆராயட்டும், சட்டம் ஏன் தலையிட வேண்டும் என்பாருமுளர். இதற்குப் பொருளியல் தரும் மறுமொழி குறிப்பிடத்தக்கது. 1970இல் ஜோர்ஜ் அகெர்லொவ் பழைய வண்டிச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். வண்டியின் உண்மைநிலை விற்பவருக்கே தெரியுமாதலால், வாங்குபவர் எல்லா வண்டிகளையும் ஐயத்தோடு நோக்கிக் குறைந்த விலையே கொடுப்பர். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவரும் விரும்பார். நல்லவை விலக, தீயவையே சந்தையில் எஞ்சும். 2001இல் வேறிருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விற்பவரின் மௌனம் வாங்கிய ஒருவரை மட்டும் பாதிப்பதன்று. நேர்மையான ஏனைய விற்பனையாளரின் விலையையும் அது குறைக்கின்றது என்பதே இவ்வாய்வின் பயன்.

இவ்வுண்மை நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தும். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் நாம் பழைய வண்டிகளோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் உளர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வண்டி இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், வண்டி வேண்டியவர்க்கு நாட்டிலுள்ள பழைய வண்டிகளே கதியாயின; அவற்றின் விலையும் மிக உயர்ந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் வணிகரை நோக்கியது. அயலவரிடமோ விளம்பரம் பார்த்தோ வாங்குபவர், 1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்னேயே நிற்கின்றார். வெளிப்படையான பொய்யையும் மோசடியையும் காட்டமுடிந்தாலன்றி அவருக்கு வழியில்லை.

இதற்காக, தனியாள் ஒருவர்மீது வணிகருக்குரிய பொறுப்பு முழுவதையும் சுமத்த வேண்டுமென்பது நம் கருத்தன்று. பழைய வண்டி பழையதே; தேய்மானம் அதன் இயல்பு. அறியாத குறைக்கு ஆசிரியரோ எழுதுவினைஞரோ முழு நட்டமும் கொடுக்க வேண்டுமெனின் அதுவும் கொடுமையாகும். யூலியன் அறிந்தவரையும் அறியாதவரையும் ஒன்றாக நடத்தவில்லை. நாம் வேண்டுவதும் அவ்வேறுபாடே. விற்றவர் வணிகரா என்று கேட்ட பின்னர், அவர் அறிந்திருந்தாரா என்றும் சட்டம் கேட்டல் வேண்டும். இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. 1896 வரை இந்நாட்டுச் சட்டம் வண்டி மாட்டுக்கும் கேட்டுவந்த கேள்வி, வீட்டுக்கும் காணிக்கும் இன்றும் கேட்கும் கேள்வி. அதனை மோட்டார் வண்டிக்கும் கேட்பதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. கைவிட்ட ஒன்றை மீட்டெடுத்தலே போதும்.